ஃபோல்டரிலிருந்து இமேஜ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

லினக்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நான் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஏஆர்எம் போர்டு ஒன்றுக்கு மென்பொருள் தயாரிக்கிறோம். போர்டில் ஏற்ற வேண்டிய கோப்புகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். அதை இஎக்ஸ்டி4 (லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டம்) இமேஜாக்க, அதாவது ஒரு டிஸ்க்கின் உள்ளடக்கம் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பாக்க, ஒரு பழைய ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறோம். டிடி கட்டளையால் காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, ஃபார்மட் செய்து, சூடோ போட்டு (ரூட் எனும் நிர்வாகியின் அதிகாரத்தோடு) லூப் மவுண்ட் செய்து (கோப்பை டிஸ்க்போல இணைத்து), உள்ளே எல்லாவற்றையும் காப்பி செய்து, அன்மவுண்ட் செய்துவிடும். இப்போது பில்ட் வேலையை டாக்கர் கண்டெய்னருக்குள் (கணினிக்குள் தனியாகப் பிரித்த சூழல்) கொண்டுபோய்விட்டோம். அங்கே சாதாரண யூசராகத்தான் ஓடுகிறது. மவுண்ட் செய்ய அனுமதி இல்லை என்று நின்றுவிடுகிறது. கண்டெய்னரை ப்ரிவிலேஜ்ட் ஆக, அதாவது முழு அதிகாரத்தோடு, ஓட்டினால் சரியாகிவிடும் என்கிறார் எங்கள் டீம் லீட்.

ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும் எம்கே2எஃப்எஸ் கட்டளையிடம் ஃபோல்டரையே நேராகக் கொடுக்கலாம் என்று படித்து முயன்று பார்த்தேன். இமேஜ் வந்தது. ஆனால் போர்டில் ஏற்றினால் எல்லாக் கோப்புக்கும் ஓனர் 1000 (என் யூசர் எண்) என்று காட்டுகிறது. பெரிய ஃபோல்டராக இருந்தால் இடம் போதவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. இந்த வழியை நம்பலாமா?

இன்னொரு சந்தேகம். அப்பா சேர்த்து வைத்த தமிழ் பிடிஎஃப்களை ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் மூலம் ஐஎஸ்ஓ (டிவிடிக்கான இமேஜ்) ஆக்கி டிவிடியில் எழுதினேன். கோப்புப் பெயர்கள் அத்தனையும் அடிக்கோடுகளாகிவிட்டன. ஏன்?

எம்.

அன்புள்ள எம்.,

தாராளமாக நம்பலாம். எம்கே2எஃப்எஸ்ஸில் ஃபோல்டரை நேராகக் கொடுக்கும் 'டி' ஆப்ஷன், 2016-இல் வந்த இ2எஃப்எஸ்ப்ராக்ஸ் (எம்கே2எஃப்எஸ் அடங்கிய தொகுப்பு) 1.43 முதலே இருக்கிறது. போர்டுகளுக்கு லினக்ஸ் கட்டும் கருவிகளான பில்ட்ரூட்டும் யாக்டோவும் இஎக்ஸ்டி4 இமேஜை இந்த வழியில்தான் செய்கின்றன. உங்களைப் போலப் போர்டு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர், தெரிந்தோ தெரியாமலோ, இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். ப்ரிவிலேஜ்ட் கண்டெய்னர் மட்டும் வேண்டாம். உங்கள் லீடிடம் இந்தப் பதிலையே காட்டுங்கள்.

இமேஜ் என்பது ஒரு சாதாரணக் கோப்பு. உங்கள் கையில் இருக்கும் இமேஜை, பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப்பில் திறந்து பாருங்கள். முதல் 1024 பைட்டுகளை விட்டுவிட்டு சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள்) தொடங்கும். 1080-ஆவது ஆஃப்செட்டில் 53, இஎஃப் என்று இரண்டு பைட்டுகள் அடுத்தடுத்து இருக்கும். இது இஎக்ஸ்டி குடும்பம் என்று கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) கண்டுகொள்வது அந்த இரண்டு பைட்டுகளை வைத்துத்தான். ஐநோடு (ஒவ்வொரு கோப்பின் ஓனர், அளவு போன்ற விவரப் பதிவு) டேபிள், டைரக்டரி, உங்கள் கோப்புகளின் உள்ளடக்கம் எல்லாமே இப்படி இன்ன இடத்தில் இன்ன பைட் என்று எழுதப்பட்டவை. உங்களுக்குச் சொந்தமான கோப்பில் நீங்கள் பைட்டுகளை எழுத ரூட் எதற்கு?

ரூட் தேவைப்படுவது மவுண்ட் செய்யும்போதுதான். மவுண்ட் என்றால், அந்த பைட்டுகளை நம்பி உன் மரத்தில் ஒரு கிளையாக இணைத்துக்கொள் என்று கர்னலிடம் கேட்பது. யாரோ வேண்டுமென்றே கெடுத்து வைத்த இமேஜாகவும் அது இருக்கலாம். அதனால் எல்லோருக்கும் அந்த அனுமதி கிடையாது, கொடுக்கவும் கூடாது. உங்கள் பழைய ஸ்கிரிப்ட், கோப்பு எழுதும் வேலைக்காகக் கர்னலை நடுவில் இழுத்தது. சூடோ அங்கே வந்ததற்கு அது ஒன்றே காரணம். எம்கே2எஃப்எஸ் போன்ற கருவி ஃபோல்டரைத் தானே படித்து, அந்த அமைப்பைத் தானே எழுதிவிடுகிறது. கர்னலுக்கு அங்கே வேலையே இல்லை.

ப்ரிவிலேஜ்ட் வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. லூப் டிவைஸ்கள் கண்டெய்னருக்கென்று தனியாக இருப்பவை அல்ல, ஹோஸ்ட்டினுடையவை (கண்டெய்னரை ஓட்டும் கணினியினுடையவை). ஸ்கிரிப்ட் நடுவில் விழுந்தால் அன்மவுண்ட் ஆகாத லூப்கள் பில்ட் மெஷினில் தங்கிவிடும். அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இந்த வகை ஸ்கிரிப்ட்டுகளில் ஹோஸ்ட்டின் டெவ் ஃபோல்டரை (சாதனங்களுக்கான கோப்புகள் இருக்கும் இடம்) உள்ளே பைண்ட் மவுண்ட் செய்வது, அதாவது அப்படியே இணைப்பது, வழக்கம். அன்மவுண்ட் தோற்றுப்போய், அடுத்த வரியில் தற்காலிக ஃபோல்டரை அழிக்கும் ஆர்எம் ரூட்டாக ஓடினால், அது அழிப்பது இமேஜை அல்ல, உங்கள் மெஷினை. சாதாரண யூசராக ஓடும் ஸ்கிரிப்ட்டில் அந்த விபத்துக்கு வழியே கிடையாது.

இனி ஓனர் விஷயம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

எம்கே2எஃப்எஸ் ஃபோல்டரில் கண்டதைக் கண்டபடி எழுதும். கோப்பின் ஓனர் 1000 என்றால் இமேஜிலும் 1000தான். பழைய ஸ்கிரிப்ட்டில் இது சரியாக வந்ததே என்று கேட்பீர்கள். அதில் சூடோவோடு வெறும் சிபி -ஆர் தானே இருக்கிறது? ரூட் காப்பி செய்ததால் புதிய கோப்புகள் எல்லாம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டன. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை அது. அதே காப்பியில் செட்யுஐடி பிட்டுகள் (நிரலை அதன் ஓனரின் அதிகாரத்தோடு ஓடவைக்கும் குறிகள்) உதிர்ந்திருக்கும், கோப்புகளின் தேதிகள் மாறியிருக்கும், ஹார்ட்லிங்க்குகள் (ஒரே கோப்புக்கு உள்ள பல பெயர்கள்) தனித்தனிக் கோப்புகளாகி இடத்தை அடைத்திருக்கும். பழைய இமேஜை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். புதிய வழியைச் சந்தேகப்படும் அளவுக்குப் பழைய வழியையும் சந்தேகப்பட வேண்டும்.

தீர்வு ஃபேக்ரூட். அதற்குள் ஓடும் நிரல், ஒரு கோப்பின் ஓனரை மாற்று என்று கேட்டால், டிஸ்க்கில் எதுவும் மாறாது. ஃபேக்ரூட் அதைத் தன் நினைவில் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு எந்த நிரலாவது இதன் ஓனர் யார் என்று கேட்டால், குறித்து வைத்த பதிலைச் சொல்லும். எம்கே2எஃப்எஸ்ஸும் அப்படிக் கேட்டுத்தான் எழுதுகிறது என்பதால், இமேஜில் ஓனர் 0 (ரூட்டின் எண்) என்று சரியாக விழும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஓனர் மாற்றும் கட்டளையும் எம்கே2எஃப்எஸ்ஸும் ஒரே ஃபேக்ரூட் செஷனுக்குள் ஓட வேண்டும். இரண்டு வரியில் இரண்டு முறை ஃபேக்ரூட் என்று எழுதினால், முதலாவது முடிந்ததும் நினைவு போய்விடும். எல்லாவற்றையும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டில் போட்டு, அந்த ஸ்கிரிப்ட்டை ஃபேக்ரூட்டின் கீழ் ஓட்டுவது நல்லது. ஸ்டாட்டிக்காகக் கட்டிய (நூலகங்களைத் தன்னுள்ளேயே கொண்ட) நிரல்களிடம் ஃபேக்ரூட் எடுபடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாக் கோப்பும் ரூட்டுக்குச் சொந்தம் என்று ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள். வெப் சர்வரின் லாக் ஃபோல்டர், டேட்டாபேஸ் ஃபோல்டர் போன்றவை அந்தந்த யூசருக்குப் போக வேண்டும். எண்கள் போர்டின் பாஸ்வேர்ட் கோப்பில் இருக்கும் எண்களாக இருக்க வேண்டும், உங்கள் கணினியின் எண்களாக அல்ல.

இந்தச் சிக்கலுக்கு நான் பார்த்ததிலேயே தெளிவான விடை நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இருக்கிறது. அங்கே மேக்எஃப்எஸ் என்ற கருவி 1.6 வெளியீட்டிலிருந்தே உண்டு. முழு இயங்குதளத்தையும் ரூட் இல்லாமல் பில்ட் செய்யும்போது, எந்தக் கோப்புக்கு யார் ஓனர், என்ன மோட் (அனுமதிகள்) என்பதெல்லாம் மெட்டாலாக் என்ற உரைக்கோப்பில் வரி வரியாகப் பதிவாகிறது. மேக்எஃப்எஸ் உள்ளடக்கத்தை ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொண்டு, ஓனரையும் மோடையும் அந்த உரைக்கோப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்தக் கோப்பை கிட்டில் (மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) வைக்கலாம். யார் எதை எப்போது மாற்றினார் என்று டிஃப் போட்டுப் பார்க்கலாம். ஃபேக்ரூட்டின் நினைவைவிட எழுத்தில் இருக்கும் பட்டியலை நான் அதிகம் மதிக்கிறேன். உங்கள் ஸ்கிரிப்ட்டிலும் ஓனர் விவரங்களை அங்கங்கே சிதறவிடாமல் ஒரே பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்கக்கூட மவுண்ட் வேண்டாம். இமேஜின் உள்ளே பார்க்கும் டீபக்எஃப்எஸ்ஸில் எல்எஸ் -எல் கொடுத்தால் ஐநோடு, மோட், ஓனர், குரூப், அளவு, தேதி எல்லாம் வரிசையாக வரும். இ2எஃப்எஸ்சிகே கொண்டு இமேஜைச் சோதிக்கவும் ரூட் தேவையில்லை. இவை இரண்டையும் பில்ட்டின் கடைசியில் கட்டாயம் சேருங்கள்.

அடுத்து, இடம் போதாமை. ஃபோல்டரின் அளவைச் சொல்லும் டியூ கட்டளை காட்டும் எண்ணை அப்படியே அளவாகக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது போதாது. 1 ஜிபி இமேஜில் வழக்கமான கணக்குப்படி 16,384 பைட்டுக்கு ஒன்று வீதம் 65,536 ஐநோடுகள் வரும். ஒவ்வொன்றும் 256 பைட் என்பதால் அதற்கு மட்டுமே 16 எம்பி போய்விடும். ஜர்னலுக்கு (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பகுதி) தனியாக இடம் வேண்டும். சில சமயம் இடம் நிறைய இருக்கும், ஐநோடு தீர்ந்திருக்கும். நோட் மாட்யூல்ஸ் மாதிரி குட்டிக் கோப்புகள் குவிந்த ஃபோல்டர்களில் அப்படி நடக்கும். அப்போது அளவைக் கூட்டாமல் ஐநோடு எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுங்கள்.

கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தாராளமான அளவு கொடுத்து இமேஜை உருவாக்குங்கள். கோப்பு ஸ்பார்ஸாக (காலிப் பகுதிகள் டிஸ்க்கில் எழுதப்படாமல்) இருப்பதால் டிஸ்க்கை அவ்வளவாக அடைக்காது. பிறகு இ2எஃப்எஸ்சிகே -எஃப், அதற்குப் பின் ரீசைஸ்2எஃப்எஸ் -எம் (பெரிய எம்). இமேஜ் முடிந்தவரை சுருங்கிவிடும், இதற்கும் ரூட் வேண்டாம். சுருக்கிய இமேஜில் காலியிடம் அநேகமாக இருக்காது என்பதால், போர்டு முதல்முறை பூட் ஆகும்போது பார்ட்டிஷன் அளவுக்கு விரித்துக்கொள்ளும்படி செய்யுங்கள். ராஸ்பெர்ரி பை ஓஎஸ் அதைத்தான் செய்கிறது.

ஆனால் இவ்வளவுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். போர்டு அந்த ரூட் பார்ட்டிஷனில் எதையாவது எழுதத்தான் வேண்டுமா? வேண்டாமென்றால், படிக்க மட்டுமே முடிகிற சுருக்கிய ஃபைல் சிஸ்டமான ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்கு மாறிவிடுங்கள் என்பேன். 2009-இல் வந்த லினக்ஸ் 2.6.29 முதல் அது கர்னலிலேயே இருக்கிறது. ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டர்கள், உபுண்டுவின் ஸ்னாப் பேக்கேஜ்கள் எல்லாம் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அளவு சொல்லத் தேவையில்லை. உள்ளடக்கம் எவ்வளவோ அவ்வளவுதான் இமேஜ். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இருந்தால் ஒருமுறைதான் எழுதும். திடீரென்று கரண்ட் போனாலும் ரூட் ஃபைல் சிஸ்டம் கெடாது, ஏனென்றால் அதில் யாருமே எழுதுவதில்லை. வயலிலோ கம்பத்திலோ மாட்டிவிட்டு வரும் கருவிக்கு இதைவிடப் பெரிய நிம்மதி எதுவும் இல்லை.

எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. அதே பெயரில் இமேஜ் ஏற்கெனவே இருந்தால், அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதாது, இருப்பதோடு சேர்த்து எழுதும். இரண்டாம் முறை ஓட்டியதும், நிரல்கள் இருக்கும் 'பின்' ஃபோல்டருக்குப் பக்கத்தில் பின்_1 என்று இன்னொன்று முளைத்திருக்கும், லிப்புக்குப் பக்கத்தில் லிப்_1. போர்டு பூட் ஆகும். ஆனால் ஓடுவது பழைய 'பின்' ஃபோல்டரில் உள்ள நிரல்கள். நேற்று திருத்திய பிழை இன்றும் ஏன் வருகிறது என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருப்பார்கள். நோஅப்பெண்ட் ஆப்ஷனை முதல் நாளே ஸ்கிரிப்ட்டில் போட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஃபோல்டரிலிருந்து இரண்டு முறை செய்த இஎக்ஸ்டி4 இமேஜ்கள் பைட்டுக்கு பைட் ஒத்திருக்காது. யுயுஐடியும் (இமேஜின் அடையாள எண்) ஹேஷ் சீடும் (டைரக்டரிகளை அடுக்கப் பயன்படும் தற்செயல் எண்) ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும், நேரமும் பதிவாகும். யுயுஐடியையும் சீடையும் நீங்களே கொடுத்து, நேரத்துக்கு சோர்ஸ் டேட் எப்போக் என்ற மாறியை வைத்தால் ஒத்து வரும். வாடிக்கையாளரிடம் போன இமேஜ் இந்த சோர்ஸிலிருந்துதான் வந்தது என்று நிரூபிக்க வேண்டிய நாளில் இது கைகொடுக்கும்.

இனி அப்பாவின் பிடிஎஃப்கள். ஐஎஸ்ஓ 9660 (வட்டுகளில் கோப்புகளை அடுக்கும் தரம்) வெளியானது 1988-இல். அதன் அடிப்படை நிலையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், எண்கள், அடிக்கோடு இவை மட்டும்தான். பெயருக்கு 8, எக்ஸ்டென்ஷனுக்கு 3 எழுத்து. தமிழுக்கு அதில் இடமே இல்லை. அதனால்தான் கருவி ஒவ்வொன்றையும் அடிக்கோடாக்கி, பெயர்கள் மோதாமல் இருக்கக் கடைசியில் எண் சேர்த்திருக்கிறது. நீண்ட பெயர்களுக்கு இரண்டு நீட்டிப்புகள் உண்டு: யூனிக்ஸ் உலகத்துக்கு ராக் ரிட்ஜ், விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்டின் ஜோலியட். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ராக் ரிட்ஜுக்குச் சிறிய ஆர் ஆப்ஷனைப் பயன்படுத்தினால் ஓனரும் ரூட்டாகிவிடும், எல்லோரும் படிக்கவும் முடியும். இன்புட் கேரக்டர்செட் யுடிஎஃப்-8 என்பதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், லொகேல் (கணினியின் மொழி அமைப்பு) சரியில்லாத இடத்தில் கருவி தப்பாக ஊகித்துவிடும். ஜென்ஐஎஸ்ஓஇமேஜ் 2010-க்குப் பிறகு கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. எக்ஸோரிசோவுக்கு மாறிக்கொள்ளுங்கள், அதே ஆப்ஷன்களை எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் பாணியில் ஏற்றுக்கொள்ளும்.

நீளத்தையும் கவனியுங்கள். திருநெல்வேலி என்பது நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனி என்பதால் அது 12, யுடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 36 பைட். ஜோலியட்டில் ஒரு பெயருக்கு 64 யூனிட்தான் (ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்று) இடம். இஎக்ஸ்டி4-இல் 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதி வைத்திருந்தால் ஜோலியட்டில் வால் வெட்டுப்படும். முக்கியமானதை முன்னால் கொண்டுவாருங்கள்.

அந்தக் கோப்புகளில் சில பழைய மேக்கிலிருந்து வந்திருந்தால் இதையும் பாருங்கள். அவற்றின் ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ், 'கோ' என்பதில் உள்ள குறியை ஏகார இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், பைட்டுகள் வேறு. தேடினால் கிடைக்காது, ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருப்பதுபோல் தோன்றும். கான்வ்எம்வி கட்டளையால் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி (குறிகளைச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டு இமேஜ் செய்யுங்கள். டிவிடியில் எழுதுவதற்கு முன் ஐஎஸ்ஓஇன்ஃபோவில் ஜோலியட் பட்டியலையும் ராக் ரிட்ஜ் பட்டியலையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

அன்புடன்