பாண்டு பேப்பரில் கையெழுத்து வாங்கியாச்சு, போதுமா?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். இந்தக் கோடை விடுமுறையில் விடுதிக்குப் பெயிண்ட் அடிப்பது, ஒர்க்‌ஷாப்பின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒழுகலைச் சரிசெய்வது, புது செப்டிக் டேங்க் கட்டுவது, ஆய்வகக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவது என்று நான்கு வேலைகள். மூன்று கான்ட்ராக்டர்கள். ‘எந்த விபத்து நடந்தாலும் நானே பொறுப்பு’ என்று ஒவ்வொருவரிடமும் பாண்டு பேப்பரில் எழுதி வாங்கிவிட்டோம். முதல்வர் இது போதும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயிண்டர்கள் இரவில் விடுதி அறையிலேயே தங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி. அந்தப் பத்திரம் உங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவே உள்ள பேச்சு. கூரையிலிருந்து விழுந்தவரின் மனைவி அதில் கையெழுத்துப் போடவில்லை. அலட்சியத்தால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் வழக்குப் பதிவானால், கவனக்குறைவு யார் பக்கம் என்று போலீஸ் தேடும். பத்திரத்தைப் படித்துவிட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடாது. இழப்பீடு உங்கள் தலையில் விழுந்தால் கான்ட்ராக்டரிடம் திரும்பக் கேட்க அது உதவலாம். அந்த அளவுக்கு அதைப் பீரோவில் பத்திரமாக வையுங்கள்.

எனக்குச் சட்டத்தைவிட இன்னொன்று பெரிதாகத் தெரிகிறது. கான்ட்ராக்டருக்கு வேலை தெரியும், உங்கள் வளாகம் தெரியாது. உங்களுக்கு வளாகம் தெரியும், அவர் வேலை தெரியாது. ஆள் சாவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் பார்த்ததைச் சொல்கிறேன். அங்கேயும் ஒர்க்‌ஷாப் கூரைதான். மேலே ஏறிப் பார்த்தால் எல்லா ஷீட்டும் ஒரே கறுப்பு. பாசி, தூசி, வேப்பஞ்சருகு. இரண்டு பையன்கள் ஒழுகும் இடத்தைத் தேடிக் குறுக்கே நடக்கத் தயாராக நின்றார்கள். கீழே டீ டம்ளரோடு வந்த லேப் உதவியாளர் நிமிர்ந்து பார்த்துக் கத்தினார்: “தம்பி, அந்த வரிசையில காலு வெச்சிராத, அது பிளாஸ்டிக்!” வெளிச்சத்துக்காக எப்போதோ போட்ட ஃபைபர் ஷீட்டுகள். கீழே நின்றால் மங்கலாக வெளிச்சம் தெரியும். மேலே நிற்பவனுக்கு வித்தியாசமே தெரியாது. அந்த உதவியாளர் அங்கே பதினைந்து வருடமாக வேலை செய்கிறார். கூரைக்கு ஆள் ஏற்றுவதற்கு முன்னால் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் அரை மணி நேரம் சுற்றிவருவது. கான்ட்ராக்டர் மட்டும் வந்தால் போதாது. அவர் ஓசூரில் இன்னொரு சைட்டைப் பார்க்கப் போய்விடுவார். உங்கள் இடத்தில் நிற்கப்போவது மேஸ்திரி. அவர் வரட்டும். உங்கள் எலக்ட்ரீஷியன், பழைய வாட்ச்மேன், அந்தக் கட்டடத்தின் உதவியாளர் மூவரும் கூட வரட்டும். பூமிக்கடியில் கேபிள் எங்கே ஓடுகிறது, போர் லைன் எங்கே, கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடுமா, சோலார் லைன் எதில் சேர்கிறது, எந்த அறையில் ரசாயனம் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். தரையில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். பார்த்ததை ஒரு தாளில் எழுதி நீங்களும் மேஸ்திரியும் கையெழுத்துப் போடுங்கள். பாண்டு பேப்பரைவிட இந்தத் தாளுக்குத்தான் என்னிடம் மதிப்பு.

அந்த நடையிலேயே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: உண்மையில் வேலை செய்யப்போவது யார்? நீங்கள் கொடுத்த வேலை கை மாறி, மறுபடி கை மாறி, கடைசியில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ போன வாரம் வந்த நாலு பேரிடம் நிற்கும். நீங்கள் தமிழில் சொன்ன எச்சரிக்கைக்கு அவர்கள் தலையாட்டுவார்கள். புரிந்தது என்று அர்த்தமில்லை. சொன்னதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். பெயர், ஊர், வீட்டுப் போன் நம்பர் கேட்டில் இருக்கட்டும்.

சரி, கூரைக்கு வருவோம். ‘நட்டு வரிசையில் நடந்தால் ஒன்றும் ஆகாது’ என்று எல்லா மேஸ்திரியும் சொல்வார். நட்டுக்கு அடியில் ஷீட்டைத் தாங்கும் இரும்பு ஆங்கிள் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கால் நாலு விரல் தள்ளிப் பட்டால் அடியில் ஒன்றுமில்லை, வெயிலிலும் மழையிலும் கிடந்த ஷீட் மட்டும்தான். ஆங்கிளுக்கு ஆங்கிள் எட்டும்படி பலகை போட்டு அதன் மேல்தான் நிற்க வேண்டும். சேஃப்டி பெல்ட் இடுப்பில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடாதீர்கள், கொக்கி எதில் மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பாதி இடங்களில் சும்மா தொங்கும். கீழே சாரம் கட்டி உள்பக்கமிருந்தே முடிக்கக்கூடிய ஒழுகல் என்றால் மேலே ஆளே ஏற வேண்டாம். பழைய ஷீட்டைக் காய்ந்த நிலையில் கிரைண்டரால் அறுக்க விடாதீர்கள். அந்தத் தூள் நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். தண்ணீர் விட்டு நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளைப் பள்ளம் நிரப்பக் கொட்டுவது நம் ஊர்ப் பழக்கம், அதையும் தடுங்கள்.

உங்கள் நான்கில் எனக்கு அதிகம் பயம் தருவது அந்தப் புது செப்டிக் டேங்க். ‘புதுசுதானே, இன்னும் ஒரு சொட்டுக் கழிவு விழவில்லையே’ என்பார்கள். மேல் கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே சென்ட்ரிங் பலகை இருக்கும், தேங்கிய தண்ணீரும் இருக்கும். இரண்டு மூன்று வாரம் மூடிக் கிடக்கும்போது ஈரப் பலகை மக்க ஆரம்பித்து, உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வெளிக்காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக் கூடாது. பலகை பிரிக்க இறங்கியவர் மயங்குவார். அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார், அப்புறம் மூன்றாமவர். காற்றில்லாத தொட்டியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்தே போவது இப்படித்தான். மூடிகளையெல்லாம் முதல் நாளே திறந்து, புளோயர் வைத்துக் காற்றடித்து, கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி அளவு பார்த்த பிறகே ஆள் இறங்க வேண்டும். உடம்பில் கயிறு, வெளியே இழுக்க ஆள், அந்த ஆள் எக்காரணம் கொண்டும் உள்ளே குதிக்கக் கூடாது. விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்க்கும் பழைய வித்தையை மறந்துவிடுங்கள். மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைக் கொல்லும் அளவுக்கு இருந்தாலும் விளக்கு நன்றாகவே எரியும். அழுகின முட்டை நாற்றத்தை நம்பவும் முடியாது, அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும்.

இதோடு பழைய டேங்கையும் காலி செய்துவிடலாம் என்று யாராவது கிளம்பினால், ஆளை இறக்குவது என்ற பேச்சே கூடாது. மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறையோ, 2 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். இந்த வேலையில் இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. உறிஞ்சும் லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.

அஸ்திவாரத்தில் நம் ஜில்லாவுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நாலடி தோண்டினால் பாறை வரும். கான்ட்ராக்டர் உடனே பர்கூர் பக்கம் குவாரியில் தெரிந்த ஆளிடம் ‘ரெண்டு வெடி போட்டுக்கலாம்’ என்பார். உரிமம் இல்லாத வெடி வளாகத்துக்குள் வரவே கூடாது. கேட்டிலேயே சொல்லி வையுங்கள். பிரேக்கர் வண்டி இருக்கிறது, துளையில் ஊற்றினால் உப்பிப் பாறையைப் பிளக்கும் பவுடர் இருக்கிறது. செலவு கூடும், நாள் பிடிக்கும், பரவாயில்லை. பாறை வராத பக்கத்தில் வேறு ஆபத்து: நம் செம்மண் காய்ந்திருக்கும்போது சுவர் மாதிரி நேராக நிற்கும், ஒரு கோடை மழை பெய்தால் சரியும். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பலகை முட்டுக் கொடுக்கவோ சரிவாக வெட்டவோ வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது.

பெயிண்ட் வேலையில் உயரத்துக்கு அடுத்தபடி கரண்ட்தான். பிளக் இல்லாமல் வயரைச் சீவி, சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சி செருகியிருப்பார்கள். பார்த்த உடனே பிடுங்கி, பிளக்கும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கல்லூரியே கொடுத்துவிடுங்கள். சண்டை போடுவதைவிட அது மலிவு. இ.பி. லைன் பக்கம் அலுமினிய ஏணி வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டால் ‘இந்த ரேட்டுக்குக் கட்டாது சார்’ என்பார் கான்ட்ராக்டர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. குறைந்த ரேட்டுக்கு வேலையைக் கொடுத்துவிட்டுச் சாரம், பலகை, புளோயர் எல்லாம் கேட்டால் எங்கிருந்து கொண்டுவருவார்? அடுத்த டெண்டரில் பாதுகாப்புப் பொருள்களுக்கென்று தனியாக ஒரு தொகை போடுங்கள், அந்தத் தொகையில் பேரம் கிடையாது என்று எழுதுங்கள். இந்த முறைக்குக் கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்க முதல்வரிடம் பேசுங்கள். கூடவே, ஆபத்தாகத் தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டு என்று முதல்வர் கையெழுத்தில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் மேஸ்திரி சிரித்துக்கொண்டு போவார்.

விடுமுறை என்பதால் வளாகம் காலியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். அரியர் எழுதுகிறவர்கள் வருவார்கள், அட்மிஷனுக்குப் பெற்றோர்கள் வருவார்கள். ஜல்லி லாரி காலை எட்டு மணிக்குள் வந்து போகட்டும். பின்னால் எடுக்கும்போது ஒரு ஆள் இறங்கி நிற்கட்டும்.

பெயிண்டர்கள் தங்குவது பற்றி: தங்கட்டும், ஆனால் பெயிண்ட் அடிக்கும் பிளாக்கில் வேண்டாம். தின்னர் டப்பாக்கள் இருக்கும் அறையிலேயே ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவார்கள், கொசுவுக்காக ஜன்னலையும் சாத்துவார்கள். வேறு பிளாக்கில் காற்றோட்டமான இரண்டு அறை, கழிப்பறை, குடிதண்ணீர், சமைக்க வெளியே ஒரு திண்ணை கொடுங்கள். தின்னரைத் தனியே பூட்டி வையுங்கள். இரவில் கேட்டைப் பூட்டும் வாட்ச்மேன் சாவியோடு எங்கே படுப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், 108 வண்டி வந்தால் திறக்க.