கேள்வி–பதில்: அக்டோபர் 31 இரவுக்கு ஒரு பேய்ப்படம்

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகன், அக்டோபர் 31 அன்று நண்பர்களுடன் வீட்டுக்கு வருகிறான். அன்று மேல்நாட்டார் பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ‘ஹாலோவீன்’ இரவு என்பதால் எல்லோரும் சேர்ந்து பேய்ப்படம் பார்க்க வேண்டுமாம். நானும் உடன் உட்கார்ந்து பார்க்கும்படி ஒரு படம் சொல்லுங்கள். ரத்தக்களரி எனக்கு ஆகாது.
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: தயக்கமே இல்லாமல் ‘யாவரும் நலம்’ என்பேன். விக்ரம் குமார் இயக்கி, மாதவன் நடித்து, 2009-இல் தமிழிலும் இந்தியிலும் வெளியான படம் அது, ஒளிப்பதிவு பி.சி.ஸ்ரீராம். கடன் வாங்கிப் புது அடுக்குமாடி வீட்டில் குடியேறும் ஒரு கூட்டுக்குடும்பத்தில் நாள்தோறும் பால் திரிந்துபோகிறது; வீட்டுத்தலைவன் தனியாக ஏறினால் மட்டும் லிப்ட் நகர மறுக்கிறது; வீட்டுக்குள் அவனை எடுத்த படம் மட்டும் கைப்பேசியில் கோணிக்கொண்டு வருகிறது. பகல் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் கூடிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் நடப்பவையெல்லாம் தம் வீட்டில் நடப்பவையாகவே இருப்பதை அவன் ஒருவன் மட்டுமே கவனிக்கிறான். சொன்னால் நம்புவார் இல்லை. பாழடைந்த பங்களாவும் வெள்ளைப் புடவையும் இல்லாமல், நாம் தினமும் புழங்கும் பால் பாத்திரத்தையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் கொண்டே அச்சத்தை உண்டாக்கியதுதான் அந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம். தர்மபுரியில் இரண்டாம் ஆட்டம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை எங்கள் வீட்டில் பால் உண்மையாகவே திரிந்துவிட்டது. கோடை வெயில்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று முழுவதும் நான் தொலைக்காட்சியைப் போடவில்லை. இறுதிப்பகுதியில் சற்று வன்முறை உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ‘ஹாலோவீன்’ என்ற பெயரிலேயே ஓர் ஆங்கிலப் படம் இருக்கிறதாமே, அதை விட்டுவிடலாமா?
– கல்லூரி மாணவர், கிருஷ்ணகிரி

பதில்: விடக் கூடாது, மேற்படி ஓசூர் அம்மையாரைப் போன்றவர்கள் உறங்கச் சென்றபின் பாருங்கள். ஜான் கார்பென்டர் மிகக் குறைந்த செலவில் எடுத்து, 1978-இல் வெளியிட்ட படம். கொலையாளி அணிந்திருக்கும் வெளிறிய முகமூடி, ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடர் நாயகனின் முகத்தை அச்செடுத்து விற்ற கடைச் சரக்கு; அதை வாங்கி வெள்ளைச் சாயம் பூசிவிட்டார்கள். கதை நடப்பதோ இலையுதிர் காலம், படப்பிடிப்பு நடந்ததோ கலிபோர்னியாவின் இளவேனிலில். ஆகவே சருகுகளுக்குச் சாயம் தீட்டித் தெருவில் பரப்பி, காட்சி முடிந்ததும் கூட்டி அள்ளி மீண்டும் பயன்படுத்தினார்கள். இசையையும் இயக்குநரே அமைத்தார். ஐந்து தட்டாக ஓடும் அந்தப் பியானோ மெட்டு நாம் எதிர்பார்க்கும் இடத்தில் முடியாமல் போவதாலேயே மனம் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. ரத்தம் என்று பார்த்தால் மிகக் குறைவுதான்; மிரட்டுவதெல்லாம் அந்த மெட்டும், திரையின் ஓரத்தில் அசையாமல் நிற்கும் உருவமும்.

கேள்வி: ஊர் பேர் தெரியாத இந்தப் பண்டிகையெல்லாம் நமக்கு எதற்கு ஐயா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இந்தக் கேள்வி காவேரிப்பட்டணத்திலிருந்து வருவதுதான் வியப்பு! மகா சிவராத்திரியை ஒட்டி நடக்கும் மயானக் கொள்ளையில் அங்காளம்மன் சுடுகாடு நோக்கிப் புறப்படும்போது, முகத்தில் சாயம் பூசி, நாக்கைத் துருத்தி, காளி வேடம் கட்டிக்கொண்டு வருபவர்களைத் தங்கள் ஊர்த் தெருக்களில் ஆண்டுதோறும் பார்த்துத்தானே வளர்ந்திருப்பீர்கள்? நம்மூரில் அது பக்தி. ஹாலோவீன் இன்று பெரும்பாலும் விளையாட்டு. இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்தைய இரவு என்பதே அந்தப் பெயரின் பொருள். மறுநாள் நவம்பர் 2-இல், நம் பகுதிக் கத்தோலிக்கக் கிராமங்களான எலத்தகிரியிலும் கோவிலூரிலும் மக்கள் இறந்தவர்களை நினைத்துக் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். ஆகவே அந்த நாட்கள் நம் மாவட்டங்களுக்கு அடியோடு அந்நியமானவை அல்ல.

கேள்வி: இப்போதைய தமிழ்ப் பேய்ப்படங்களில் பேயைவிடச் சிரிப்புதானே அதிகம்?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: 2011-இல் வந்த ‘காஞ்சனா’ வசூலை அள்ளியபின் பலரும் அந்த வழியில் இறங்கிவிட்டார்கள். குடும்பத்தோடு பார்க்க அதுவும் வேண்டியதுதான். நிஜமாகவே அஞ்ச வேண்டுமென்றால், அறிவழகனின் ‘ஈரம்’ பாருங்கள். அதில் ஆவி வருவது தண்ணீரின் வழியே. அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை ஓட்டில் விழும் ஓசையோடு பார்த்தால், பின்னணி இசைக்குத் தனியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: படம் பார்க்கும்போது நடுவில் மின்சாரம் போய்விட்டால்?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: மெழுகுவத்தியை எடுத்து வர யார் சமையலறைக்குப் போவது என்பதைப் படம் தொடங்கும் முன்பே முடிவுசெய்து கொள்ளுங்கள்.