கேள்வி முதலில், கார்டு அப்புறம்: டாரட் ஸ்ப்ரெட் பற்றிய கேள்வி-பதில்

வடசென்னை வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ‘எந்த ஸ்ப்ரெட் போடலாம்?’ என்றே கேட்கின்றன. டாரட் என்பது குறி பார்க்கப் பயன்படும் படச் சீட்டுக் கட்டு; அதன் கார்டுகளை எந்தெந்தக் கேள்விக்கு எந்தெந்த இடத்தில் வைப்பது என்ற அமைப்புதான் ஸ்ப்ரெட். அதை நீங்களே அமைக்கலாம். மனதில் இருக்கும் பெரிய கேள்வியை ஒரு தாளில் எழுதி, அதைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடையுங்கள். ஒவ்வொரு சின்னக் கேள்விக்கும் ஓர் இடம், ஓர் இடத்துக்கு ஒரு கார்டு. இதை எழுதி முடித்த பிறகுதான் சீட்டுக் கட்டைக் கலைக்க வேண்டும்.

மச்சானோடு சேர்ந்து விசைப்படகில் பங்கு வாங்கலாமா என்று யோசிக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். லாபம் வருமா என்று கேட்டு ஒரு கார்டு எடுத்தேன், ஒன்றும் புரியவில்லை. (காசிமேடு)

டீசல் செலவு, ஐஸ், மீன் வரத்து, அன்றைய ஏல விலை, இத்தனையும் சேர்ந்துதான் லாபத்தைத் தீர்மானிக்கும். அவ்வளவையும் ஒரே கார்டின் தலையில் கட்டாதீர்கள். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேளுங்கள். நான் உங்களுக்காக நான்கு இடங்கள் வைத்திருக்கிறேன்.

முதல் இடம்: இந்தத் தொழிலுக்கு நான் கொண்டுவருவது என்ன? இரண்டாவது: மச்சானிடம் கேட்கத் தயங்குவது எதை? மூன்றாவது: வரும்படி இல்லாத மாதங்களில் எங்களைத் தாங்கப்போவது எது? நான்காவது: பணம் கைமாறும் முன் முடிக்க வேண்டிய வேலை என்ன? முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பேச்சு அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். மூன்றாவது அவற்றின் கீழே, நான்காவது மேலே.

‘நாணயம் ஐந்து’ என்ற கார்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சமான கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே இரண்டு ஏழைகள் பனியில் நடந்து போகும் படம். அது இரண்டாவது இடத்தில் விழுந்தால், ‘நஷ்டம் வந்தால் யார் எவ்வளவு ஏற்பது?’ என்று இன்னும் வாய்விட்டுக் கேட்கவில்லை என்று படிப்பேன். அதே கார்டு மூன்றாவது இடத்தில் விழுந்தால் என் கண் அந்த ஜன்னலுக்குப் போகும். உதவி பக்கத்திலேயே இருக்கிறது, கேட்கத்தான் கூச்சம். கார்டு ஒன்றுதான், இடம் மாறியதும் சொல்லும் சேதி மாறிவிட்டது பாருங்கள். அதனால்தான் இடங்களை முன்னாலேயே எழுதச் சொல்கிறேன். கார்டைப் பார்த்த பிறகு எழுதினால் நமக்குப் பிடித்த பதிலுக்கு ஏற்ற மாதிரி கேள்வியை வளைத்துவிடுவோம்.

தடைக்காலமான 15 ஏப்ரல் முதல் 14 ஜூன் வரை 61 நாள் படகு கரையில்தான் நிற்கும். ஒவ்வொரு வருடமும் வரும் செலவு அது. மூன்றாவது இடத்தைப் படிக்கும்போது அதை மறக்க வேண்டாம் தம்பி.

கிளி ஜோசியர் ஒரே சீட்டில் முடித்துவிடுகிறார். டாரட்டில் எத்தனை கார்டு வேண்டும்? (வியாசர்பாடி)

அன்றைய நாளைப் பற்றி யோசிக்க ஒன்று போதும். மற்ற கேள்விகளுக்கு மூன்றிலிருந்து ஏழு. அதற்கு மேல் போனால் இரண்டு இடங்கள் ஒரே விஷயத்தைக் கேட்கின்றனவா என்று பாருங்கள், பெரும்பாலும் கேட்கும்.

கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது, மெட்ரோவில் போய் வரலாம். எம்.சி. ரோட்டில் அக்காவோடு புடவைக் கடை போடும் யோசனையும் இருக்கிறது. இதற்கு எப்படி அமைப்பது? (திருவொற்றியூர்)

இரண்டு வரிசை போடுங்கள். முக்கியமான விதி: இரண்டு வரிசையிலும் ஒரே கேள்விகள்தான் இருக்க வேண்டும். மனசு ஏற்கெனவே கடைப்பக்கம் சாய்ந்திருந்தால், கடைக்கு ‘என்ன கிடைக்கும்’ என்றும் வேலைக்கு ‘என்ன தொல்லை’ என்றும் நம்மை அறியாமலே எழுதிவிடுவோம். அப்புறம் கார்டு என்ன வந்தாலும் கடைதான் ஜெயிக்கும்.

‘இது என்னிடம் தினமும் எதைக் கேட்கும்?’, ‘இதில் நான் எதைக் கற்பேன்?’, ‘எதை விட்டுக்கொடுப்பேன்?’ இந்த மூன்றும் இரண்டு பக்கமும். ஏழாவது கார்டு நடுவில், தனியாக: ‘எதைத் தேர்ந்தாலும் என்னோடு கூடவே வரப்போவது எது?’ எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. சம்பளம், கடை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் இந்தக் கார்டில்தான் தங்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். ‘முடிவு’ என்று ஓர் இடம் வைக்காதீர்கள். முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்.

பத்து கார்டு வைக்கும் ‘கெல்டிக் கிராஸ்’ ஸ்ப்ரெட்தான் முறையானது, அதை மாற்றினால் பலிக்காது என்கிறார்களே? (பெரம்பூர்)

டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. குறி பார்க்க அதைப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில். இன்று நம் கையில் புழங்கும் படங்கள் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-இல் வெளியானவை. அந்தக் கட்டைத் திட்டமிட்ட ஆர்தர் எட்வர்ட் வெய்ட் 1910-இல் தன் நூலில் விளக்கிய பிறகுதான் கெல்டிக் கிராஸ் எங்கும் பரவியது. ஆகவே தயங்காமல் மாற்றுங்கள். அதன் ஒன்பதாவது இடம் ஆசையையும் பயத்தையும் ஒரே கார்டில் கேட்கிறது, புதிதாகப் படிப்பவர்கள் அங்கேதான் குழம்புகிறார்கள். நான் அதை இரண்டாகப் பிரித்துவிடுவேன்.

அவர் மனசில் நான் இருக்கிறேனா என்று பார்க்க ஒரு ஸ்ப்ரெட் சொல்லுங்கள். (எண்ணூர்)

அவர் மனசுக்குள் எட்டிப் பார்க்கும் இடத்தை நான் வைப்பதில்லை. மூன்று கார்டு எடுங்கள்: நான் அவரிடம் காட்டாமல் வைத்திருப்பது எது, நேரில் கேட்க என்னைத் தடுப்பது எது, கேட்டுவிட்டால் எனக்குத் துணை நிற்பது எது.

அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்திருக்கிறோம். ரிப்போர்ட் எப்படி வரும்? (தண்டையார்பேட்டை)

இதற்குக் கார்டு எடுக்க வேண்டாம் அம்மா. ரிப்போர்ட் சொல்வதை ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும். நல்ல கார்டு வந்து, அந்த நிம்மதியில் டாக்டரைப் பார்க்கப் போவது ஒரு நாள் தள்ளிப்போனாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். காத்திருக்கும் நாட்களில் உங்களுக்குத் தெம்பு வேண்டுமானால், ‘இன்று நான் யாரிடம் உதவி கேட்கலாம்?’ என்று மட்டும் ஒரு கார்டு எடுங்கள். யார் பெயர் மனசில் வருகிறதோ, அவருக்கு உடனே போன் செய்து ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொல்லுங்கள்.