பாஸ்போர்ட் தொலைந்தால் எந்த விண்ணப்பம்? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். பாஸ்போர்ட் தொலைந்தவர்களைக் கேள்வி கேட்கச் சொன்னதற்கு நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்கள் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

அண்ணா, என் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது. ஏஜென்ட் ஒருவர் "ஃபிரெஷ்" போட்டால் 1500 ரூபாயோடு முடிந்துவிடும், "ரீ-இஷ்யூ" போட்டால் இரண்டு மடங்கு என்கிறார். எதைப் போடுவது? (திருப்பாதிரிப்புலியூர்)

ரீ-இஷ்யூதான், அதில் காரணம் கேட்கும் இடத்தில் "லாஸ்ட் பாஸ்போர்ட்". ஏஜென்ட் சொன்ன காசுக் கணக்கு சரிதான், யோசனைதான் தப்பு. தொலைந்ததற்கு மாற்றாக வாங்கும்போது 36 பக்கப் புத்தகத்துக்கு 3000, 60 பக்கத்துக்கு 3500. ஆனால் ஃபிரெஷ் என்பது வாழ்நாளில் ஒரு தடவைகூட பாஸ்போர்ட் எடுக்காதவர்களுக்கு. ரேஷன் கார்டு தொலைந்தால் நகல் அட்டைதானே கேட்கிறோம், புதுக் குடும்பம் என்றா எழுதிக் கொடுக்கிறோம்? விண்ணப்பத்துக்குள்ளேயே "இதற்கு முன் பாஸ்போர்ட் வைத்திருந்தீர்களா" என்று ஒரு கேள்வி வரும். ஃபிரெஷ் போட்டவர் அங்கே இல்லை என்று பொய் சொன்னால்தான் மேலே போக முடியும். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 12வது பிரிவுப்படி, தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பதும் உண்மையை மறைப்பதும் குற்றம். இரண்டு வருடம் வரை சிறை, 5000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மிச்சம் பிடிக்கும் 1500க்கு இது தேவையா? பொய் சொன்ன கையெழுத்து உங்களுடையது, ஏஜென்டுடையது இல்லை.

இன்னொன்று, பாஸ்போர்ட் இணையதளத்தில் ஃபிரெஷ், ரீ-இஷ்யூ இரண்டுக்கும் லிங்க் ஒன்றுதான் இருக்கும், உள்ளே போனபிறகுதான் எது என்று கேட்கும். அங்கேதான் நிறையப் பேர் அவசரத்தில் முதலில் இருப்பதை அமுக்கிவிடுகிறார்கள். தளத்தின் பெயர் gov.in என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அசல் மாதிரியே இருக்கும் போலித் தளங்கள் உண்டு.

சின்ன வயதில் அப்பா எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட், காலாவதியாகிப் பல வருடம் ஆச்சு. இப்போது புத்தகமும் இல்லை, நம்பரும் தெரியாது. இதற்காவது ஃபிரெஷ் போடலாமா? (நெய்வேலி)

கூடாது. காலாவதியானாலும், சின்னப் பிள்ளையாக இருக்கும்போது எடுத்ததானாலும், ஒருதரம் கொடுத்தது கொடுத்ததுதான். இதுவும் ரீ-இஷ்யூ, காரணம் தொலைந்தது. காலாவதியான புத்தகம் கையில் இருப்பவர்கள் மட்டும்தான் "வேலிடிட்டி எக்ஸ்பயர்ட்" என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம்பரைத் தேடுவதுதான் உங்களுக்குப் பெரிய வேலை. வெளிநாடு போயிருந்தால் பழைய விசா நகல், டிக்கெட் போட்ட டிராவல்ஸ் அனுப்பிய மெயில், ஸ்கூலில் கொடுத்த ஜெராக்ஸ், அப்பாவின் அலுவலகக் கோப்பு என்று ஒரு வாரம் குடைந்து பாருங்கள். எங்குமே கிடைக்காவிட்டால் சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தில் விசாரணைக்கு நேரம் வாங்கி, பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், எடுத்த வருடம் சுமாராக, இவற்றை எழுதிக் கொண்டுபோய்க் கேளுங்கள். 1800-258-1800 கட்டணமில்லா எண், அதிலும் விசாரிக்கலாம். குத்துமதிப்பாக ஒரு நம்பரைப் போட்டுவிடாதீர்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்ஸில் வரும்போது பையோடு போய்விட்டது. எந்த ஊர் போலீஸிடம் போவது? எல்லையில் இருக்கும் முள்ளோடைக்கு அந்தப்பக்கம் ஒரு போலீஸ், இந்தப்பக்கம் வேறு போலீஸ். (அரியாங்குப்பம்)

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: பையை யாராவது தூக்கினார்களா, நீங்கள் விட்டுவிட்டு இறங்கினீர்களா? தூக்கினார்கள் என்றால் அது திருட்டு, எஃப்.ஐ.ஆர் போட வேண்டிய வழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் நீங்கள் போகிற ஸ்டேஷனிலேயே தகவலைப் பதிய வேண்டும், அங்கிருந்து அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். ஸீரோ எஃப்.ஐ.ஆர் என்று சொல்வது இதைத்தான். தவறவிட்டது என்றால் எங்கே கடைசியாகப் பார்த்தீர்களோ அந்தப் பகுதி ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். திருடு போகாததைத் திருடு போனதாக எழுதாதீர்கள், சீக்கிரம் நடக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டது அது.

புகாரில் பாஸ்போர்ட் நம்பர், கொடுத்த தேதி, கொடுத்த இடம், எங்கே எப்போது போனது, எல்லாம் இருக்கட்டும். "என் பாஸ்போர்ட்டைக் காணவில்லை" என்று ஒற்றை வரியில் எழுதி முத்திரை வாங்கி வந்தால் பாஸ்போர்ட் சேவா மையக் கவுன்டரில் திரும்ப அனுப்பிவிடுவார்கள்.

இணைப்பு எஃப் என்று ஒன்று கேட்கிறார்களாம், நோட்டரியிடம் ஸ்டாம்ப் பேப்பரில் போட வேண்டுமா தம்பி? (லாஸ்பேட்டையிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர்)

வேண்டாம் ஐயா. பாஸ்போர்ட் தொலைந்தது, சேதமானது பற்றி நீங்களே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிதான் அது. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியதிலிருந்து இணைப்புகள் எல்லாம் வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழியாகவே போதும், நோட்டரி கையெழுத்து தேவையில்லை. கோர்ட் வாசலில் பழைய பழக்கத்தில் இன்னமும் ஸ்டாம்ப் பேப்பரில் அடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் காசு கொடுக்காதீர்கள். ஆனால் எழுதுவதில் கவனம் வேண்டும். எப்படித் தொலைந்தது, எந்த ஸ்டேஷனில் புகார், இதற்கு முன் எத்தனை பாஸ்போர்ட் தொலைத்திருக்கிறீர்கள் என்பதோடு, கடைசியாக வெளிநாட்டிலிருந்து எந்தத் தேதி எந்த ஃபிளைட்டில் வந்தீர்கள் என்றும் கேட்கும். அதற்குத்தான் பெரும்பாலும் ஆட்கள் கவுன்டரில் நின்றுகொண்டு மகனுக்கு ஃபோன் போட்டு விசாரிப்பது. வீட்டிலேயே பழைய டிக்கெட்டைத் தேடி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய பாஸ்போர்ட்டின் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்க ஜெராக்ஸ் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பாஸ்போர்ட் ஊறிப்போனது. புத்தகம் கையில் இருக்கிறது. தொலைந்ததாகச் சொல்லிவிடலாமா? (கடலூர், தென்பெண்ணைக் கரையோரம்)

சொல்லவே கூடாது, கையில் இருக்கிறதே! "டேமேஜ்ட் பாஸ்போர்ட்" என்று தனிக் காரணம் இருக்கிறது, அதைப் போடுங்கள். கட்டணம் தொலைந்ததற்கு ஆகிற அதே 3000தான், இணைப்பு எஃப்பும் உண்டு. நம்பர் படிக்க முடிகிறதா, பெயர் தெரிகிறதா, போட்டோ அப்படியே இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்ப்பார்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்கிறேன் என்று இழுக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள் (போட்டவர் ஒருவர் வந்தார்). எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே பிளாஸ்டிக் கவரில் கொண்டுபோங்கள்.

தம்பி சிங்கப்பூரில் தொலைத்துவிட்டான். இங்கிருந்து நான் விண்ணப்பிக்கலாமா? (பண்ருட்டி)

முடியாது. அவர் அங்கே போலீஸ் ரிப்போர்ட் வாங்கி இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உடனே ஊருக்கு வந்தே ஆக வேண்டும் என்றால் எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேட்கலாம். அது இந்தியாவுக்கு வர மட்டும், திரும்பிப் போக உதவாது. வேலை அங்கே இருக்கிறது என்றால் பொறுத்திருந்து பாஸ்போர்ட்டே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பிரஜை. அக்கா மகள் அமெரிக்காவில் பிறந்தவள், 9 வயது, லீவுக்கு வந்திருக்கிறாள். இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் ஒரே பையில் போய்விட்டது. (முத்தியால்பேட்டை)

பாவம்தான். இரண்டுமே இந்தியப் பாஸ்போர்ட் இல்லை, அதனால் நம் சேவா மையத்துக்குப் போகவே வேண்டாம். போலீஸ் புகார் மட்டும் இருவருக்கும் தனித்தனியாக வாங்குங்கள். உங்கள் வீட்டுக்காரர் பீச் பக்கம் இருக்கும் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் தொலைந்ததைத் தெரிவித்து அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைக்குச் சென்னை ஜெமினி பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகம். அங்கே டி.எஸ்-64 என்பது தொலைந்ததைத் தெரிவிக்க, டி.எஸ்-11 என்பது புதிதாகக் கேட்க, இரண்டும் வேண்டும். இணையத்தில் தேடினால் டி.எஸ்-82 கண்ணில் படும். அது பழைய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்கள் புதுப்பிப்பதற்கு, குழந்தைக்கு எந்த நிலையிலும் ஆகாது. 16 வயதுக்குட்பட்டதால் அப்பா, அம்மா இருவர் சம்மதமும் வேண்டும். வர முடியாதவர் டி.எஸ்-3053 என்ற சம்மதப் படிவத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். குழந்தை விசாவில் வந்திருந்தால் புது பாஸ்போர்ட் கிடைத்தபிறகு வெளிநாட்டவர் பதிவுக்கான இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ தளத்தில் விசா விஷயத்தைச் சரிசெய்தபிறகே விமானம் ஏற முடியும், அதனால் டிக்கெட் தேதியை இப்போதே தள்ளிவையுங்கள்.

புகார் கொடுத்து, விண்ணப்பமும் போட்டாச்சு. நேற்று பீரோவில் புடவைக்கு அடியில் கிடைத்துவிட்டது! (வில்லியனூர்)

கிடைத்ததை வைத்துப் பயணம் போகாதீர்கள் அக்கா. தொலைந்ததாகப் பதிவாகிவிட்ட பாஸ்போர்ட் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளும். ஸ்டேஷனிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் எழுதிச் சொல்லிப் பழையதை ஒப்படைத்துவிடுங்கள்.

ஆதாரில் விருத்தாசலம் முகவரி, குடியிருப்பது புதுச்சேரியில் வாடகைக்கு. எதைப் போடுவது? (ரெயின்போ நகர்)

இப்போது குடியிருக்கும் முகவரி. 2018 முதல் நாட்டில் எந்தச் சேவா மையத்திலும் விண்ணப்பிக்கலாம், புதுச்சேரியிலேயே மையம் இருக்கிறது, கடலூரில் தபால் நிலையத்தில் இருக்கிறது. ஆனால் போலீஸ் விசாரணை வருவது நீங்கள் எழுதிய தற்போதைய முகவரிக்கு. ஆதார் விருத்தாசலம் என்பதற்காக அதைப் போட்டுவிட்டு, விசாரிக்க வந்தவரிடம் அம்மா "பையன் பாண்டியில இருக்கான்" என்று சொன்னால் அறிக்கை பாதகமாகப் போய்விடும், அப்புறம் விளக்கம் எழுதிக் கொடுத்து மறுபடி விசாரணை. புதுச்சேரி முகவரிக்கு ஆதாரை மாற்றிவிட்டு விண்ணப்பிப்பதுதான் சுலபம். வீட்டு ஓனரிடமும், பக்கத்து வீட்டு இரண்டு பேரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.