தொலைவில் மின்னும் கேடயம்: ஸ்கைரிம் மோடுக்கு டெக்ஸ்சர் செய்யும்போது நேரும் பிழைகள்

கேள்வி: 'ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்' விளையாட்டில் வரும் இரும்புக் கேடயத்தின் மேல், நானே வரைந்த பருந்துச் சின்னம் ஒன்றைப் பதித்து ஒரு மோடு (விளையாட்டில் பயனரே செய்துகொள்ளும் மாற்றம்) உருவாக்க முயன்று வருகிறேன். கிம்ப் மென்பொருளில் 4096 பிக்சல் அளவில் வரைந்து, விளையாட்டு படிக்கும் டிடிஎஸ் வகைப் படக் கோப்பாகச் சேமித்தேன். முதலில் கேடயம் முழுவதும் ஊதா நிறமாகத் தெரிந்தது. கோப்பின் பெயரை மாற்றியதும் படம் வந்துவிட்டது, காரணம் புரியவில்லை. இப்போது அருகில் பார்த்தால் நன்றாக இருக்கிறது, சற்று விலகினால் மணல் தூவியது போல் மின்னுகிறது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் உருவாக்கிய, மேடுபள்ளம் காட்டும் நார்மல் மேப்பைச் சேர்த்ததும் ஆணிகள் புடைப்பதற்குப் பதிலாகக் குழிந்து தெரிகின்றன. கேடயமே எண்ணெய் பூசியது போல் பளபளக்கிறது. பருந்தும் இரண்டு தலையோடு நிற்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: நீங்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை, படத்தை வரைந்து முடித்த பின், அதை விளையாட்டு படிக்கும் கோப்பாக மாற்றும் கட்டத்தில் புகுந்தவை. ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் உண்டு என்றாலும், ஒரே ஒரு பழக்கம் இருந்திருந்தால் அவற்றில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம். புதிய டெக்ஸ்சரை, அதாவது வடிவத்தின் மேல் போர்த்தும் படத்தை, தொடங்குவதற்கு முன், அது எந்தக் கோப்பின் இடத்தில் அமரப்போகிறதோ அந்த மூலக் கோப்பைப் பிரித்தெடுத்து, அதன் பெயர், இருக்கும் கோப்புறை, நீள அகலம், சுருக்க முறை, மூன்று நிறச் சானல்களோடு ஆல்ஃபா என்ற நான்காவது சானல் உண்டா இல்லையா என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பெஷல் எடிஷனில் மூல டெக்ஸ்சர்கள் 'டெக்ஸ்சர்ஸ் 0' முதல் 'டெக்ஸ்சர்ஸ் 8' வரையிலான ஒன்பது பிஎஸ்ஏ பெட்டகங்களில் கிடக்கின்றன. 'பிஎஸ்ஏ பிரவுசர்' போன்ற இலவசக் கருவியால் அவற்றைத் திறந்து, வேண்டிய கோப்பை மட்டும் வெளியே எடுக்கலாம்.

ஊதா நிறத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அதுதான் எளிது. கேடயத்தின் முப்பரிமாண வடிவம் 'நிஃப்' என்ற தனிக் கோப்பில் இருக்கிறது; தனக்குரிய டெக்ஸ்சர் எந்தக் கோப்புறையில் எந்தப் பெயரில் இருக்கும் என்ற முகவரி அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அந்த முகவரியில் கோப்பு இல்லையென்றால் விளையாட்டு ஊதாவைப் பூசிக் காட்டும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும், ஓர் இடைவெளி கூடினாலும் இதே விளைவுதான். முகவரியைச் சரிபார்க்க 'நிஃப்ஸ்கோப்' என்ற கருவி போதும். கோப்பு, கோப்புறைப் பெயர்களை ஆங்கில எழுத்துகளிலேயே வையுங்கள். தமிழில் பெயரிடும் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் பழைய விளையாட்டு இயந்திரங்களிடம் அதைச் சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்து மின்னல். 4096 பிக்சல் அகலமுள்ள படம் திரையில் ஐம்பது பிக்சல் அகலமுள்ள கேடயமாகத் தெரியும்போது, திரையின் ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் உங்கள் படத்தின் ஆயிரக்கணக்கான புள்ளிகள் அடங்கியாக வேண்டும். வரைகலை அட்டை அவை அனைத்தையும் கூட்டிச் சராசரி பார்ப்பதில்லை. அருகருகே உள்ள சில புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அரை அடி நகர்ந்தாலும் வேறு சில புள்ளிகள் அகப்படும், நிறம் மாறும், கேடயம் மின்னும். இதற்கான தீர்வை லான்ஸ் வில்லியம்ஸ் 1983ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். ஒரே படத்தின் பாதி அளவுப் பிரதி, அதன் பாதி, அதற்கும் பாதி என்று ஒரு பிக்சல் வரை முன்கூட்டியே சுருக்கி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கி வைத்துவிட்டால், தொலைவுக்கு ஏற்ற பிரதியை அட்டை தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். 'மிப்மேப்' என்று அவர் வைத்த பெயரின் முதற்பகுதி, சிறிய இடத்தில் நிறையப் பொருள் என்று பொருள்படும் லத்தீன் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. 2048 பிக்சல் படத்துக்கு மூலத்தையும் சேர்த்து 12 அடுக்குகள் வரும். கோப்பின் அளவு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே கூடும்.

கிம்ப் மென்பொருளின் டிடிஎஸ் ஏற்றுமதிப் பெட்டியில் மிப்மேப் வேண்டாம் என்பதே இயல்பான தேர்வாக இருக்கும். (வருமான வரியில் பிடிக்கும் டிடிஎஸ் வேறு, ஆனால் இதிலும் கவனிக்காமல் கையொப்பமிட்டால் இழப்பு நமக்குத்தான்.) மிப்மேப் உருவாக்கும்படி அங்கே மாற்றிச் சேமித்தால் உங்கள் மின்னலில் பெரும்பகுதி அடங்கிவிடும். முழுவதும் அடங்காவிட்டால், குறை உங்கள் கோடுகளில் இருக்கிறது. 2048 பிக்சல் படத்தில் இரண்டு பிக்சல் தடிமனில் வரைந்த இறகுக் கோடு, 256 பிக்சல் பிரதியில் கால் பிக்சலாக மெலிந்து, பக்கத்து நிறத்தோடு கரைந்து சாம்பல் கறையாகிவிடும். ஆகவே ஏற்றுமதி செய்வதற்கு முன் உங்கள் படத்தை 256 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அந்த அளவிலும் பருந்து பருந்தாகத் தெரிந்தால் சின்னம் தேறிவிட்டது. தெரியாவிட்டால் அலகு, கண், இறக்கையின் வெளிக்கோடு ஆகிய மூன்றையும் தடிப்பாக்கி, உள் இறகுகளைக் குறைத்துவிடுங்கள். இதே சுருக்கத்தால் வரும் இன்னொரு தொல்லை, ஓரங்களில் தெரியும் தையல் கோடு. யூவி வரைபடத்தில், அதாவது வடிவத்தின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்துக் காட்டும் வரைபடத்தில், துண்டுகளுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தை வெள்ளையாகவோ கறுப்பாகவோ விட்டால், சிறிய பிரதிகளில் அந்த நிறம் உள்ளே கசியும். ஒவ்வொரு துண்டின் ஓர நிறத்தையும் வெளிப்பக்கமாக 16 பிக்சலாவது இழுத்துப் பூசிவிடுவது நல்லது.

இனி, குழிந்து தெரியும் ஆணிகள். நார்மல் மேப் என்பது பார்ப்பதற்கு நீல ஊதாப் படமாக இருந்தாலும், உண்மையில் அது எண்களின் அட்டவணை: பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எத்திசை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதைச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று சானல்களும் சொல்கின்றன. சமதளமான இடத்தின் மதிப்பு 128, 128, 255. பச்சைச் சானல் மேல்கீழ்ச் சாய்வைக் குறிக்கிறது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடுதான். எது மேல் என்பதில்தான் ஓப்பன்ஜிஎல், டைரக்ட்எக்ஸ் ஆகிய இரு வரைகலை நிரல் முறைகளின் மரபுகள் நேர் எதிராகப் பிரிகின்றன. பிளெண்டர் முதலாவது மரபில் எழுதித் தருகிறது, ஸ்கைரிம் இரண்டாவது மரபில் படிக்கிறது. கிம்ப்பின் சானல்கள் பலகத்தில் பச்சையை மட்டும் தேர்வில் வைத்துக்கொண்டு நிறங்களைத் தலைகீழாக்கினால் ஆணிகள் மீண்டும் வெளியே வந்துவிடும். எந்த மரபில் இருக்கிறது என்று தெரியாத நார்மல் மேப் கைக்கு வந்தால், பச்சைச் சானலைத் தனியாகச் சாம்பல் படமாகப் பாருங்கள். புடைத்திருக்க வேண்டிய ஆணியின் மேல்விளிம்பு இருண்டும் கீழ்விளிம்பு வெளுத்தும் இருந்தால் அது ஸ்கைரிமுக்கு ஏற்றது.

எண்ணெய்ப் பளபளப்புக்குக் காரணம் இதே கோப்பின் நான்காவது சானல். கேடயத்தின் எந்த இடம் எவ்வளவு ஒளியைத் திருப்பி வீச வேண்டும் என்பதை ஸ்கைரிம் தனிக் கோப்பில் தேடுவதில்லை. நார்மல் மேப்பின் ஆல்ஃபா சானலில் தேடுகிறது. உங்கள் பிளெண்டர் கோப்பில் ஆல்ஃபா இருந்திருக்காது. இல்லாத ஆல்ஃபாவை அட்டை முழு வெள்ளையாகவே கொள்ளும், அதாவது எங்கும் உச்சப் பளபளப்பு. தேய்ந்த விளிம்புக்கு வெளிர் சாம்பல், துருப்பிடித்த நடுப்பகுதிக்கு அடர் சாம்பல், மரத்துக்கும் தோலுக்கும் ஏறத்தாழக் கறுப்பு என்று ஒரு சாம்பல் படம் வரைந்து, அதை அடுக்கின் மறைப்பாகச் சேர்த்து, ஆல்ஃபாவாக ஏற்றுமதி செய்யுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. ஆல்ஃபா முழுப் பூச்சியமாக உள்ள இடங்களில் அடியில் இருக்கும் நிறமே தேவையில்லை என்று சில மென்பொருள்கள் முடிவு செய்து அதை அழித்துவிடும். அங்கே நார்மல் மேப் பாழாகும். மிக இருண்ட இடத்துக்கும் 0 வைக்காமல் 5 அல்லது 6 வைத்தால் இந்த இடரே வராது. கண்ணுக்கு வேறுபாடும் தெரியாது.

பளபளப்பு இங்கே இருப்பதால், வண்ணப் படத்தில் நீங்கள் ஒளித்தெறிப்பை வரையத் தேவையில்லை; வரையவும் கூடாது. மேல் இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுவது போல் தீட்டிய கேடயத்தைத் தூக்கிக்கொண்டு தீப்பந்தத்தின் வலப்பக்கம் போய் நின்றால், வரைந்த ஒளி ஒரு புறமும் விளையாட்டின் ஒளி மறு புறமுமாக நின்று பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடும். துரு, மரம் முதலியவற்றுக்குப் புகைப்படம் பயன்படுத்துவதாக இருந்தால் மேகம் மூடிய நாளில் எடுங்கள். நிழல் விழாத படமே டெக்ஸ்சருக்கு உதவும். சுற்றுச்சுவர் இரும்புக் கதவு ஒன்று போதும், பத்து வகைத் துரு கிடைக்கும்.

அளவையும் சுருக்க முறையையும் ஒன்றாகப் பார்ப்பதே சரி. ஜேபெக், பிஎன்ஜி போன்ற கோப்புகள் வட்டில் சிறியவை என்றாலும், பயன்படுத்தும்போது நினைவகத்தில் முழுவதுமாக விரிக்கப்பட வேண்டும். டிடிஎஸ் கோப்பில் வரும் பிசி (பிளாக் கம்ப்ரெஷன்) வகைச் சுருக்கங்கள் படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் மாறாத அளவில் அடக்குவதால், அட்டை வேண்டிய கட்டத்தை மட்டும் நேராகப் படிக்கிறது. சுருக்காத 4096 பிக்சல் படம் மிப்மேப்போடு 85 எம்பி பிடிக்கும். பிசி7 முறையில் அது 21 எம்பி, பிசி1 முறையில் 11 எம்பிக்குச் சற்றுக் குறைவு. வண்ணப் படம், நார்மல் மேப் இரண்டையும் 2048 பிக்சலில் பிசி7 முறையில் வைத்தால் மொத்தமே 11 எம்பிக்குள் முடிந்துவிடும். 1920க்கு 1080 திரையில் விளையாடுபவருக்கு ஒரு கேடயம் 2048 பிக்சலுக்கு மேல் தேவைப்படும் தருணம் அநேகமாக வராது. மூலக் கோப்பின் அளவைப் போல் இரு மடங்கோடு நிறுத்திக்கொள்வது என் பரிந்துரை. கேடயத்தை மட்டும் கூர்மையாக்கி, அதைப் பிடித்திருக்கும் கையை மங்கலாக விடுவது அழகும் அன்று.

பிசி1 முறை ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு நிறங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட கலவைகளையும் மட்டுமே வைத்திருக்கும். மரப்பலகைக்கு அது போதும். சிவப்புப் பருந்தின் மேல் நீலக் கோடும் மஞ்சள் அலகும் நெருங்கி வரும் இடத்தில் நிறம் சிதறும். நார்மல் மேப்புக்கு அது அறவே உதவாது. வளைவான பரப்பில் படிக்கட்டு தெரியும். பிசி7 இரண்டுக்கும் ஏற்றது. ஆனால் அது டைரக்ட்எக்ஸ் 11 தலைமுறையைச் சேர்ந்தது. 2016இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் அதைப் படிக்கும்; 2011இல் வந்த பழைய ஸ்கைரிம் டைரக்ட்எக்ஸ் 9 வழியாக இயங்குவதால் படிக்காது, அதற்குப் பிசி3 முறையே வழி. நான் கிம்ப்பிலிருந்து பிஎன்ஜி எடுத்து, 'பெயிண்ட் டாட் நெட்' மென்பொருளில் திறந்து, அங்கிருந்து பிசி7 ஆகச் சேமிக்கிறேன். அந்தப் பெட்டியில் லீனியர், எஸ்ஆர்ஜிபி என்று இரண்டு பிசி7 தென்படும். லீனியரையே தேர்ந்தெடுங்கள், மற்றது விளையாட்டுக்குள் நிறத்தை இருட்டடித்துவிடும். மிப்மேப் உருவாக்கும் பெட்டியும் அங்கேயே இருக்கிறது; அதில் குறி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நீள அகலங்கள் 512, 1024, 2048 என்று இரண்டின் அடுக்குகளாக இருக்கட்டும்.

இரண்டு தலைப் பருந்துக்கு வருகிறேன். சங்கப் பாடல்களில் இருதலைப் புள் உண்டு, ஆனால் நீங்கள் அதை வேண்டிக் கேட்கவில்லை. இடத்தை மிச்சப்படுத்த, கேடயத்தின் இடப்பாதியும் வலப்பாதியும் படத்தின் ஒரே பகுதியைக் கண்ணாடிப் பிம்பமாகப் பகிர்ந்துகொள்ளும்படி யூவி அமைக்கப்பட்டிருந்தால் இப்படித்தான் வரும். அந்நிலையில் எழுத்து எழுதினாலும் ஒரு பக்கம் இடவலம் மாறித் தெரியும். நிஃப்ஸ்கோப்பில் யூவி வரைபடத்தைத் திறந்து இதை உறுதி செய்யுங்கள். இரு வழிகள் உண்டு: பருந்தை நேர்முகமாக, இறக்கை விரித்த சமச்சீர் உருவமாக மாற்றி வரையலாம், அல்லது வடிவத்தைப் பிளெண்டரில் திறந்து யூவியை மறுபடி விரிக்கலாம். முதல் மோடுக்கு முதல் வழியே போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூலக் கோப்பின் பெயரிலேயே உங்கள் டெக்ஸ்சரை வைப்பதால், வழிப்பறிக்காரன் தொடங்கி விளையாட்டில் இரும்புக் கேடயம் ஏந்தும் அத்தனை பேரும் உங்கள் பருந்தைச் சுமந்து திரிவார்கள். உங்கள் பாத்திரத்துக்கு மட்டும் வேண்டுமென்றால், நிஃப் கோப்பைப் புதிய பெயரில் படியெடுத்து, அதனுள் இருக்கும் டெக்ஸ்சர் முகவரியை நிஃப்ஸ்கோப்பில் மாற்றி, கிரியேஷன் கிட், எஸ்எஸ்இஎடிட் ஆகிய மோடுக் கருவிகளில் ஒன்றில் தனிக் கேடயப் பதிவு ஒன்றை உருவாக்க வேண்டும். இரண்டு வழியிலும் கோப்புகளை விளையாட்டின் டேட்டா கோப்புறையில் நேரடியாகக் கொட்டாமல், 'மோட் ஆர்கனைசர் 2' போன்ற மேலாளரில் தனி மோடாக வையுங்கள். பிழை நேர்ந்தால் ஒரு குறியை நீக்கியதும் பழைய கேடயம் திரும்பிவிடும்.

சோதிக்கும்போது விளையாட்டில் வரும் வைட்ரன் சமவெளியின் நண்பகல் வெயிலில் ஒரு முறையும், தீப்பந்தம் மட்டும் எரியும் குகையில் ஒரு முறையும் பாருங்கள். நார்மல் மேப்பின் தவறுகள் வெயிலில் ஒளிந்துகொண்டு குகையில்தான் வெளிப்படும். கேடயத்தைத் தரையில் போட்டுவிட்டுப் பின்னோக்கி நடந்தால் மிப்மேப்பின் நிலையும் தெரிந்துவிடும். மோடைப் பிறருக்கு வழங்கும் எண்ணம் இருந்தால், துருவுக்கும் மரத்துக்கும் எடுத்த புகைப்படம் உங்களுடையதா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 'பாலி ஹேவன்', 'ஆம்பியண்ட் சிஜி' ஆகிய தளங்களில் யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய சிசி0 உரிமத்தில் கிடைக்கும் படங்களைக் கொண்டு அந்த அடுக்கை மாற்றிவிடலாம்.