சல்லாபம் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

'சரச சல்லாபம்' என்கிறார்களே, அந்தச் சல்லாபத்துக்கு உண்மையில் என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. சின்ன வயதில் ஒரு தொடர்கதையில் படித்துவிட்டு வீட்டில் அர்த்தம் கேட்டேன். பெரியவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். அப்புறம் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதன் வேர்ப்பொருளே 'பேச்சு'தான்.

சமஸ்கிருதத்தில் 'லப்' என்றால் பேசுவது. அதிலிருந்து வந்த 'லாபம்' என்றால் பேச்சு. (கடைக்காரரின் லாபம் வேறு சொல். தமிழில் ஒரே 'ப' என்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன.) 'கூடி' என்ற பொருள் தரும் 'சம்' அதன் முன்னால் சேர்ந்தால் சம்லாபம், அதாவது கூடிப் பேசுவது. சம்லாபம், சம்லாபம் என்று நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். 'ம்' தானாகவே 'ல்'லோடு கரைந்து சல்லாபம் ஆகிவிடும். ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையும், வாய்விட்டுப் புலம்பும் பிரலாபமும் இதே வேரில் பிறந்தவைதான்.

பாலி மொழிப் பௌத்த நூல்களில் 'கதாசல்லாபம்' என்று வரும். புத்தரோடு துறவிகளும் மாற்றுச் சமயத்தாரும் நடத்திய உரையாடலுக்கு அந்தப் பெயர்! எவ்வளவு கண்ணியமான இடத்தில் இருந்திருக்கிறது பாருங்கள்.

தமிழில் அதோடு சரசம் ஒட்டிக்கொண்டது. ச + ரசம், சுவையோடு கூடியது. சுவையான பேச்சு காதலர் பேச்சானது, சரி, அது இயல்புதான். ஆனால் இன்று கள்ளக்காதல் செய்திகளில் உடலுறவுக்கு மறைபெயராகச் சல்லாபத்தைப் போடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உல்லாசத்துக்கும் அதே கதிதான். ஒளிர்வு, மகிழ்ச்சி என்ற பொருளில் வந்த சொல் அது. 'உல்லாசப் பயணம்' இருப்பதால் கொஞ்சம் மானம் பிழைத்தது.

என் காதுக்குச் சல்லாபம் என்றால் இன்னும் தொடாத நிலை. பிடித்துப்போன இருவர், எழுந்து போக மனமில்லாமல் ஒன்றுமில்லாததைப் பேசிக்கொண்டிருப்பது. கண்ணோடு கண் ஒத்துவிட்டால் 'வாய்ச்சொற்கள் என்ன பயனும் இல' என்கிறது 1100ஆம் குறள். அந்த வாய்ச்சொற்களுக்கு இன்னும் வேலை இருக்கிற நேரம்தான் சல்லாபம்.

பழைய உரைநடையில் 'நண்பர்களோடு சல்லாபமாய்ப் பேசிக்கொண்டிருந்தார்' என்று கண்டால் திடுக்கிட வேண்டாம். அங்கே நடப்பது வெறும் அரட்டைதான்.