மூடிய குப்பை நிலமும் பழைய ஆலை மண்ணும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, குப்பை கொட்டப்பட்ட அல்லது ஆலைகள் நின்ற நிலங்களுக்குப் பிற்காலத்தில் என்ன நேர்கிறது என்று கேட்கின்றன. அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மாலை வேளைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிவப்புப் பாலத்தைக் கடந்து லோரோங் ஹாலுஸ் ஈரநிலப் பூங்காவுக்கு நடந்துபோவது எங்கள் வழக்கம். அந்தப் பகுதி முன்பு குப்பைமேடாக இருந்தது என்று என் மாமியார் அண்மையில் சொன்னார். குப்பை இன்னும் அடியில் கிடக்கிறதா? அதிலிருந்து விஷவாயு வருமா? பக்கத்திலுள்ள நீர்த்தேக்கத்தின் தண்ணீரைத்தானே நாம் குடிக்கிறோம்?
– வாசகி, பொங்கோல்

பதில்: உங்கள் மாமியார் சொன்னது உண்மை. 1970ஆம் ஆண்டிலிருந்து 1999 மார்ச் 31 வரை லோரோங் ஹாலுஸ் சிங்கப்பூரின் முக்கியக் குப்பைக் கிடங்குகளில் ஒன்றாக இருந்தது. வீடுகளிலிருந்து மலத்தை வாளிகளில் எடுத்துச் செல்லும் மலவாளி முறை 1987இல் முடிவுக்கு வரும்வரை அந்தக் கழிவும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. சிங்கப்பூரின் முதல் குப்பை எரியாலை உலு பாண்டானில் 1979இல்தான் இயங்கத் தொடங்கியது. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டுகளில் வீட்டுக் குப்பை எரிக்கப்படாமல் அப்படியே நிலத்தில் கொட்டப்பட்டது. அந்தக் குப்பையை யாரும் தோண்டி எடுத்துச் செல்லவில்லை. பூங்காவை ஒட்டிய பரந்த நிலத்தில் அது மண்ணுக்கு அடியில் இன்றும் இருக்கிறது.

குப்பை நிலத்தை மூடுவது என்றால் மேலே மண்ணைப் பரப்பிப் புல் வளர்த்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் குப்பை வருவது நின்ற பிறகும் உள்ளே மக்கும் வேலை பல பத்தாண்டுகள் நடக்கிறது. தொடக்கத்தில் குப்பைக்குள் சிக்கியிருக்கும் காற்று தீர்ந்தவுடன், காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் உணவுக் கழிவையும் காகிதத்தையும் அமிலங்களாகச் சிதைக்கின்றன. அந்தக் கட்டத்தில் குப்பையினூடே இறங்கும் மழைநீர் புளித்து, கறுத்து, உலோகங்களையும் கரைத்துக்கொண்டு கீழே வருகிறது. இதைத்தான் கசிவுநீர் என்கிறோம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் தீவில் கசிவுநீருக்குக் குறைவே இராது. சில ஆண்டுகள் கழிந்தபின் வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த அமிலங்களை உண்டு மீத்தேனும் கரியமில வாயுவும் வெளிவிடுகின்றன. அப்போது கசிவுநீரின் புளிப்பு தணிந்து, உலோகங்களும் பெரும்பாலும் குப்பைக்குள்ளேயே படிந்துவிடுகின்றன; ஆனால் அம்மோனியா மட்டும் தணிவதில்லை, ஏனென்றால் காற்றில்லாத சூழலில் அதைச் சிதைக்கும் வழி ஏறத்தாழ இல்லை. மூடி இருபது முப்பது ஆண்டுகளான குப்பை நிலத்திலிருந்தும் அம்மோனியா கலந்த நீர் வந்துகொண்டே இருப்பதற்கு இதுவே காரணம்.

லோரோங் ஹாலுஸில் இந்தச் சிக்கல் கூர்மையடைந்தது சிராங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தை அடைத்து நீர்த்தேக்கமாக்க முடிவெடுத்தபோதுதான். கடலோடு கலந்துகொண்டிருந்த ஆற்றில் கசிவுநீர் சேர்வது ஒன்று; குடிநீருக்கான நன்னீர்த் தேக்கத்தில் சேர்வது முற்றிலும் வேறு. எனவே பொதுப் பயனீட்டுக் கழகம் கரையோரமாக நிலத்துக்குள் ஒரு தடுப்புச் சுவரை இறக்கி, குப்பை நிலத்தின் பக்கமிருந்து வரும் நீரைத் தேக்கத்துக்குள் போகவிடாமல் மறித்து, அதைச் சேகரித்து ஈரநிலத்தில் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைச் செய்தது. 2011இல் அந்த ஈரநிலம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நீங்கள் அழகுக்கென்று நினைத்துப் பார்க்கும் நாணல் படுகைகளே அந்தச் சுத்திகரிப்பைச் செய்கின்றன. நாணலின் உள்தண்டு வழியே காற்று வேருக்கு இறங்குகிறது; வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அந்த உயிர்வாயுவைக் கொண்டு அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன; வேருக்குச் சற்றுத் தள்ளிக் காற்றில்லாத சேற்றில் வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரேட்டைச் சாதாரண நைட்ரஜனாக்கிக் காற்றோடு அனுப்பிவிடுகின்றன. குப்பைக்குள் நிகழ முடியாதது நாணல் வேரடியில் நிகழ்கிறது. நான் பார்த்த பொறியியல் ஏற்பாடுகளில் இவ்வளவு அமைதியாக இவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் வேறொன்று எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் எடுத்துச் சொல்லுங்கள்.

வாயுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆனால் திறந்த வெளியில் அது உடனே கலைந்துபோகும். ஆபத்து இருப்பது மூடிய இடங்களில்: நிலத்தடி அறைகள், வடிகால் தொட்டிகள், கட்டடத்தின் அடித்தளம் ஆகியவற்றில் அது தேங்கக்கூடும். இந்தக் காரணத்தாலும், மக்க மக்கக் குப்பை ஓரிடத்தில் அதிகமாகவும் மற்றோரிடத்தில் குறைவாகவும் அமிழ்ந்து அடித்தளங்களை விரிசலடையச் செய்யும் என்பதாலும், உலகெங்கும் மூடிய குப்பை நிலங்கள் பெரும்பாலும் பூங்காக்களாகவும் திடல்களாகவும் ஆகின்றன. நீங்கள் தயக்கமின்றி நடந்து போகலாம். நடைபாதையை விட்டு விலகாதிருப்பதும், தொட்டி மூடிகள், குழாய் முனைகள் ஆகியவற்றின் அருகே பிள்ளைகள் விளையாடாமல் பார்த்துக்கொள்வதும் போதும். நீர்த்தேக்கத் தண்ணீரோ சுத்திகரிப்பு ஆலைக்குச் சென்று, பரிசோதிக்கப்பட்ட பிறகே குழாய்க்கு வருகிறது.

கேள்வி: செமாக்காவ் குப்பைக் கிடங்கு 2035இல் நிரம்பிவிடும் என்கிறார்கள். அதையும் லோரோங் ஹாலுஸைப் போலவே மூட வேண்டியிருக்குமா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: இரண்டும் ஒரே தன்மையுடையவை அல்ல. லோரோங் ஹாலுஸ் மூடப்பட்ட மறுநாள், 1999 ஏப்ரல் 1 அன்று, செமாக்காவ் பயன்பாட்டுக்கு வந்தது. செமாக்காவ், சாக்கேங் ஆகிய இரு தீவுகளுக்கு இடைப்பட்ட கடலை 7 கிலோமீட்டர் நீளப் பாறைக் கரையால் வளைத்து, 610 மில்லியன் வெள்ளி செலவில் அது அமைக்கப்பட்டது. நீர் ஊடுருவாத விரிப்பும் கடற்களிமண்ணும் அந்தக் கரையில் பதிக்கப்பட்டிருக்கின்றன; பழைய கிடங்குகளுக்கு இத்தகைய காப்பு இருக்கவில்லை. மேலும், அங்கே போவது பெரும்பாலும் எரியாலைச் சாம்பலும் எரிக்க முடியாத கழிவும்தான். மக்குவதற்கு அதிகம் இல்லாததால் மீத்தேனும் நாற்றமும் மிகக் குறைவு. சாம்பலில் எஞ்சுபவை உப்புகளும் கன உலோகங்களும். அவை சிதைவதில்லை என்பதால், கரை உறுதியாக நிற்கும்வரைதான் பாதுகாப்பு. கடல்மட்டம் உயரும் காலத்தில் அந்தக் கரையைப் பேணுவதே செமாக்காவ் மூடலின் தலையாய வேலையாக இருக்கும் என்பது என் கருத்து. மூடும் நாளைத் தள்ளிப்போட, குப்பை நிலத்துக்குச் செல்லும் கழிவின் அளவை நபருக்கு நாளொன்றுக்கு 30 விழுக்காடு 2030க்குள் குறைக்க வேண்டும் என்ற இலக்கு 2019இல் அறிவிக்கப்பட்டது. சாம்பலைக் கட்டுமானத்துக்கு ஏற்ற மணலாக மாற்றும் முயற்சியும் நடக்கிறது.

கேள்வி: ஜூரோங்கில் முலாம் பூசும் சிறு பட்டறை ஒன்றை வாடகை நிலத்தில் பல ஆண்டுகளாக நடத்திவருகிறேன். குத்தகை முடியப்போகிறது. மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து அறிக்கை கொடுக்கச் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரிந்து எதுவும் கொட்டவில்லை. தரை முழுவதும் கான்கிரீட். இது தேவைதானா?
– வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: தேவைதான், ஐயா. செலவு உங்களை உறுத்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் கான்கிரீட் தரை இரசாயனங்களைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். முலாம் தொட்டியிலிருந்து சொட்டும் குரோமிய நீர் இணைப்பு விரிசல்கள் வழியே மெல்ல இறங்கும். ஆறிணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் எளிதில் கரைந்து நெடுந்தொலைவு நகரக்கூடியது; புற்றுநோய் உண்டாக்குவது. உலோகத்தின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற முற்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் இன்னும் தொல்லை தருவது. டீசல் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். டிரைகுளோரோஎத்திலீனோ தண்ணீரைவிடக் கனமானது என்பதால் நீர்மட்டத்தையும் தாண்டிக் கீழே போய்க் களிமண் படலத்தின்மேல் தேங்கி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வது இதுதான்.

சிங்கப்பூரில் தொழில் நிலம் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தமானது. உங்களுக்குப் பிறகு அதே இடத்தில் உணவுத் தொழிற்சாலை ஒன்றுகூட வரலாம். மாசு ஏற்படுத்தக்கூடிய தொழில்களுக்கு நிலம் தரும்போது தொடக்கத்தில் ஒரு முறையும், திருப்பிக் கொடுக்கும்போது ஒரு முறையும் அடிப்படை ஆய்வு கேட்பது இதற்காகத்தான். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடே உங்கள் பொறுப்பு. எனவே முதலில் நீங்கள் செய்ய வேண்டியது, நிலத்தைப் பெற்றபோது எடுத்த அறிக்கையைத் தேடி எடுப்பது. முந்தைய குத்தகைக்காரர் விட்டுச்சென்ற மாசுக்கு நீங்கள் பணம் கட்டாமல் காப்பாற்றக்கூடியது அந்தத் தாள்தான்.

அடுத்து, துளையிடும் இயந்திரம் வருவதற்கு முன்பே பட்டறையின் வரலாற்றை எழுதுங்கள். தொட்டிகள் எங்கெங்கே இருந்தன, வடிகால் எந்தப் பக்கம் ஓடியது, கழிவு வாளிகள் எங்கே அடுக்கப்பட்டன, எந்த ஆண்டில் எது மாற்றப்பட்டது என்பதை உங்கள் பழைய தொழிலாளர்களிடமும் கேட்டு வரைபடத்தில் குறியுங்கள். துளையிடும் இடங்கள் அந்த வரைபடத்தின்படி அமைந்தால் ஆய்வு உண்மையைச் சொல்லும். தோராயமாகக் கட்டம் போட்டுத் துளையிட்டால் மாசு இருக்கும் மூலையைத் தவறவிட்டு, பிறகு இரண்டாவது ஆய்வுக்கும் பணம் போகும். முடிவுகளை ஒப்பிட நெதர்லாந்து நாட்டின் அளவுகோல்கள் இங்கே நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. விரிசல்களை இப்போது அவசரமாகப் பூசி மறைக்க வேண்டாம். எஞ்சிய இரசாயனங்களை உரிமம் பெற்ற நச்சுத் தொழிற்கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்து, பற்றுச்சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: காலாங் எரிவாயு ஆலை இருந்த கம்போங் பூகிஸ் பகுதியில் வீடுகள் வரப்போவதாக அறிகிறேன். என் மகன் அங்கே வாங்கலாமா என்று கேட்கிறான். அந்த மண்ணை நம்பலாமா?
– ஓய்வுபெற்ற வாசகர், தோ பாயோ

பதில்: காலாங் ஆலை 1862இலிருந்து 1998 வரை இயங்கியது, 1864இல் நம் தெருக்களில் முதன்முதலாக ஏற்றப்பட்ட எரிவாயு விளக்குகளுக்கும் வாயு அங்கிருந்துதான் வந்தது. முற்காலத்தில் நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு வாயு எடுத்தார்கள். அம்முறை உலகின் எல்லா ஊர்களிலும் ஒரே வகை எச்சத்தை விட்டுச்சென்றிருக்கிறது: தார், நாப்தலீன், பென்சீன், வாயுவைச் சுத்திகரித்த இரும்புத் துகளில் படிந்த சயனைடு உப்புகள். அதனால்தான் கம்போங் பூகிஸில் வீடுகளுக்கு முன்பாக மண்ணைத் தூய்மைப்படுத்தும் பணி திட்டத்தில் இடம்பெற்றது. இந்த வரிசை சரியானது.

எனினும் இத்தகைய நிலத்தில் எங்கே பிழை நேரும் என்பதை அறிய தோக்கியோவின் தொயோசு சந்தையைப் பார்க்க வேண்டும். அதுவும் எரிவாயு ஆலை இருந்த இடமே. மாசுபட்ட மண்ணை அகற்றி, தளம் முழுவதும் 4.5 மீட்டர் ஆழத்துக்கு நல்ல மண் நிரப்பப்பட்டதாக மக்களிடம் கூறப்பட்டது. ஆனால் முக்கியக் கட்டடங்களுக்கு அடியில் மண் இல்லை, வெற்றிடம்தான் இருந்தது என்பது 2016இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நிலத்தடி நீரில் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 79 மடங்கு பென்சீன் காணப்பட்டதாக முடிவுகள் வந்தன. 2016 நவம்பரில் இடம்பெயர வேண்டிய மீன் சந்தை, கூடுதல் பாதுகாப்பு வேலைகள் முடிந்து 2018 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அங்கே மண்ணைவிட முதலில் கெட்டுப்போனது நம்பிக்கை. அதை மீட்பதற்கு மக்கள் கொடுத்த காலமும் பணமும் மிகுதி.

ஆகவே உங்கள் மகன் விற்பனைக் கூடத்தில் சமையலறைப் பலகையின் நிறத்தைக் கேட்பதற்கு முன், தூய்மைப்படுத்தியபின் எடுக்கப்பட்ட சரிபார்ப்பு ஆய்வின் முடிவுகளைக் கேட்கட்டும்: எத்தனை ஆழம்வரை மண் மாற்றப்பட்டது, நிலத்தடி நீர் தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறதா, நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் ஆவி உள்ளே வராமல் தடுக்கும் படலம் உண்டா. தெளிவான பதில் வந்தால் வாங்குவதில் எனக்கு மறுப்பு இல்லை. முறையாகத் தூய்மை செய்த பழைய ஆலை நிலத்தில் வீடு கட்டுவது, இருக்கும் காட்டை வெட்டுவதைவிட நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: சென்னை பெருங்குடிக் குப்பை வளாகத்தின் அருகே என் அக்காள் குடியிருக்கிறார். அங்கே குப்பையைத் தோண்டிப் பிரிக்கிறார்களாம். அவருடைய ஆழ்துளைக் கிணற்று நீர் இனிச் சரியாகிவிடுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: உடனே சரியாகாது. பெருங்குடியில் நடப்பது உயிரிவழி அகழ்வு. பழைய குப்பையைக் கிளறி உலர்த்தி, சுழலும் சல்லடையில் பிரித்து, பிளாஸ்டிக்கை சிமெண்டு ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பி, நுண்மண்ணைத் தனியே எடுக்கிறார்கள். குப்பையே அகன்றுவிடுவதால் மூடிவைப்பதைவிட இது சிறந்த தீர்வு. அதிலும் பெருங்குடி, 2022இல் ராம்சர் நிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் இருப்பதால் வேறு எந்த ஊரையும்விட அங்கே இது அவசியம். ஆனால் பல பத்தாண்டுகளாக நிலத்தில் இறங்கிய கசிவுநீர் குப்பையோடு சேர்ந்து வெளியேறிவிடாது. உங்கள் அக்காள் அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்த வேண்டாம். காய்ச்சினால் கிருமிகள் சாகுமே தவிர உப்பும் நைட்ரேட்டும் உலோகமும் நீங்குவதில்லை. மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் அம்மோனியா, நைட்ரேட், மொத்தக் கரைபொருள், ஈயம், குரோமியம் ஆகியவற்றுக்காக ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்து, அந்த அறிக்கைகளை ஆண்டுவாரியாகச் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். அகழ்ந்தெடுத்த நுண்மண்ணை யாராவது தோட்டத்துக்கென்று மலிவாகக் கொடுத்தால், சோதனை அறிக்கையைப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.